மாப்பிள்ளை மாட்டின பிரேக்கு

உக்காருங்க தம்பி, உக்காருங்க. ஆள் வரும்னு துண்டு போட்டிருந்தேன். வரலை. நீங்க உக்காருங்க. பையை மேல வைக்காதீங்க, ஒரு வளைவு திரும்பினா உருண்டு எவன் தலைலயாவது விழும். கால்கிட்டயே வெச்சுக்கோங்க.

மேட்டுப்பாளையந்தானுங்களே? நானும் அங்கதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால விதைக்கடை. சென்னியப்பன்னு கேட்டீங்கன்னா யாரும் கை காட்டுவாங்க.

இந்த டிரைவரைப் பாத்தீங்களா? கோத்தகிரி தாண்டினதுல இருந்து ரெண்டாவது கியர்லயே உருட்டறான். எஞ்சின் எப்படிக் கத்துது கேளுங்க. எறக்கமுங்க இது! மலையே நம்மளைத் தூக்கிக் கீழ எறக்கி விடுது, இவன் அதுக்கு டீசலைப் போட்டு எரிக்கறான். அரசாங்கத்து டீசல், அவனுக்கென்ன வலிக்குது. எனக்குத்தான் கேக்கக் கேக்க வயிறு எரியுது.

வண்டி இல்லாம பஸ்ல வர்றேன்னு நெனச்சுக்காதீங்க. காரு இருக்குதுங்க. எஞ்சின் மாத்தின காரு. மேல மாப்பிள்ளை ஊட்டு ஷெட்டுல தார்ப்பாய் போத்தி நிக்குது. லீவுக்குப் பேத்தியைக் கூட்டிட்டு வந்து எங்ககூட வெச்சுக்கலாம்னுதான் காலைல பஸ் ஏறிப் போனேன். பாருங்க, தனியா வர்றேன். எதனாலன்னு கேளுங்க. ஒரு பிரேக்கினால. அட, சிரிக்காதீங்க. ஒரு பிரேக்கு ஒரு குடும்பத்தையே இப்படிப் பண்ணிப்போட்டுது.

மொதல்ல இருந்து சொல்றேன், அப்பத்தான் உங்களுக்கு வெளங்கும்.

என்ற வண்டி பழைய வண்டிங்க. சின்ன வண்டி. இன்னைக்கு ரோட்டுல பாத்தா பசங்க சோப்பு டப்பாங்கறானுக. அந்தச் சோப்பு டப்பா வந்த அன்னைக்கு எங்க வீதியே வாசல்ல நின்னு பாத்துச்சு, அது அவனுகளுக்கு எங்க தெரியப் போகுது. வித்துப்போடுங்கன்னு எத்தனையோ பேரு சொன்னாங்க. எதுக்கு விக்கோணும்? அதுக்கு ஒரே ஒரு கொறைதான், மலை ஏறாது. நாலு பேரு உக்காந்தாப் போதும், பாதி வழியில மூச்சு வாங்கும். ஒருக்கா என்ற சம்சாரம் சாந்தாமணியையும் பேத்தியையும் எறக்கி விட்டுட்டு, நான் மட்டும் அந்த வளைவை ஏத்திக் கொண்டுபோய் மேல நிறுத்திட்டு, அவங்க நடந்து வர்ற வரைக்கும் நின்னேன். பின்னால வந்த டூரிஸ்ட் வேன்காரன் தலையை வெளிய நீட்டி, "பெரியவரே, அம்மாவையே ஓட்டச் சொல்லிட்டு நீங்க தள்ளலாமுல்ல" அப்படீங்கறான். எகத்தாளத்தைப் பாருங்க!

அதைப் போயி மாப்பிள்ளைகிட்டச் சொன்னேன். மாப்பிள்ளை பேரு ஜெகதீசன். டீ ஃபேக்டரில மிஷினெல்லாம் பாத்துக்கற வேலை. நல்ல மனுசன். மாப்பிள்ளையைப் பத்தி நான் ஒரு வார்த்தை தப்பாப் பேச மாட்டேன், பேசவும் கூடாது, பொண்ணைக் குடுத்த எடம். ஆனா வண்டின்னா அவருக்குப் பைத்தியம். ஞாயித்துக்கெழமை ஆனா எதையாவது கழட்டிப் பரத்திப் போட்டுட்டு, கிரீஸ் கையோடதான் சோத்துக்கு வருவாரு. "மாமா, வேற எஞ்சின் வெச்சுடலாம். பெரிய காரு எஞ்சின் ஒண்ணு நல்லதா கெடைச்சிருக்குது, இதுல கச்சிதமா உக்காரும்"னாரு. ஆர்டிஓ ஆபீஸ் எழுத்து வேலையெல்லாம் அவரே அலைஞ்சு முடிச்சாரு. நான் ஒண்ணும் கெஞ்சலைங்க. அவராத்தான் செஞ்சாரு.

எஞ்சின் உக்காந்த ஒடனே, "இன்னும் வேலை பாக்கி இருக்குது மாமா, எடுக்காதீங்க"ன்னாரு. நம்ம வண்டியை நம்ம எடுக்கறதுக்கு என்ன? பேத்தியையும் ஏத்திக்கிட்டுக் கீழ எறங்கிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு கொழந்தையைத் திருப்பிக் கொண்டுபோய் விடறதுக்கு மலை ஏறறேன். அட, என்னன்னு சொல்லுவேன்! கொண்டை ஊசி வளைவுல எல்லாம் மிதிச்சா மேல போகுது, மிதிச்சா மேல போகுது. ஒரு பெரிய வெள்ளைக் காரு, கண்ணாடியை ஏத்தி உட்டுட்டு ஏசில ஒரு குடும்பம். அவனைச் சைடு வாங்கி முன்னால போறேன், அந்தாளு மூஞ்சியைப் பாக்கோணுமே நீங்க. சோப்பு டப்பா அவனைத் தாண்டுது! பின்னால பேத்தி கையைத் தட்டிக்கிட்டு, "தாத்தா, இன்னொண்ணு! தாத்தா, இன்னொண்ணு!"ங்குது. மிருதுளான்னு பேரு. ஒண்ணாங்கிளாஸு. என்ற வாழ்க்கைல அப்படி ஒரு நாள் கெடையாதுங்க, கடை தொறந்த அன்னைக்குக்கூட அவ்வளவு சந்தோசம் இல்லை.

அந்தச் சந்தோசம் மாப்பிள்ளைக்குப் பொறுக்கலை. கொழந்தை போயி, நாங்க எல்லாக் காரையும் தோக்கடிச்சோம்னு சொல்லிப்போட்டுது. மொகம் மாறிப்போச்சு அவருக்கு. சாவியை வாங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. "மாமா, எஞ்சின் பெருசு, பிரேக்கு பழசு. பிரேக்கை மாத்தாம வண்டியைத் தர மாட்டேன்."

"ஏறறதுக்குத்தான மாப்பிள்ளை எஞ்சின் கேட்டேன். ஏறறப்ப எதுக்குங்க பிரேக்கு?"

"ஏறினா எறங்கோணுமே மாமா."

என்ன ஒரு கண்டுபிடிப்பு! நாப்பது வருசமா நான் மேலயேவா இருக்கேன்?

பிரேக்கு வேலை ஆரம்பிச்சுது பாருங்க, அது எஞ்சின் வேலையை விடப் பெருசாப் போச்சு. முன்சக்கரத்துக்குப் பெரிய டிஸ்க்காம். அது பழைய சக்கரத்துக்குள்ள அடங்காதாம், அதனால சக்கரத்தையும் மாத்தோணுமாம். முன்னால பலமாப் புடிச்சா பின்னாலயும் அதுக்கு ஏத்தாப்புல செரி பண்ணோணுமாம். ஒரு ஞாயித்துக்கெழமைல முடியற வேலையா இது? ஷெட்டுக்குள்ள நான் போறப்ப எல்லாம் வண்டி ஸ்டாண்டு மேல காலில்லாம நிக்குது. கடைசியா, பானெட்டுக்குள்ள பெடலுக்கு நேரா, சோத்துப் போசியைக் கவுத்து வெச்ச மாதிரி உருண்டையா ஒண்ணு. "இதென்னங்க மாப்பிள்ளை"ன்னேன். பூஸ்டராம். காலை மெல்ல வெச்சாப் போதுமாம், அதுவும் நம்மகூடச் சேந்து அமுக்குமாம். எதுக்கு? எனக்குக் காலு இல்லையா?

அப்பறம் ஒரு பெரிய பிரசங்கம். "மாமா, நல்லாக் கேட்டுக்கோங்க. இந்தப் பூஸ்டரு எஞ்சின் ஓடினாத்தான் வேலை செய்யும். எறக்கத்துல உங்க பழக்கம் மாதிரி எஞ்சினை ஆஃப் பண்ணிடாதீங்க. கியரைப் போட்டு எறங்குங்க." நான் தலையை ஆட்டிட்டு நின்னேன். மாப்பிள்ளை பேசறப்ப மாமனாரு குறுக்க பேசினா நல்லாருக்காது பாருங்க. தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். ஆட்டினா ஒத்துக்கிட்டேன்னு அர்த்தமா? என்ற சம்சாரம் இன்னைக்கு வரைக்கும் அதைத்தான் சொல்லிக் காட்டறா. "தலையை ஆட்டினீங்கல்ல, ஆட்டினீங்கல்ல"ன்னு.

அந்தப் பிரேக்கோட லட்சணத்தை ஒண்ணு சொல்றேன். மாப்பிள்ளையே வண்டியைக் கீழ ஓட்டிட்டு வந்து குடுத்துட்டுப் போன அன்னைக்கு, மார்க்கெட்டுகிட்ட ஒரு புள்ளை ஸ்கூட்டில சந்துக்குள்ள இருந்து பாஞ்சு குறுக்க வருது. நான் எப்பவும் மிதிக்கற மாதிரி மிதிச்சேன். வண்டி அப்படியே அடிச்சு நட்ட மாதிரி நின்னுபோச்சு. சாந்தாமணி கைல இருந்த தூக்குப்போசி முன்னால போயி, சாம்பாரு பூரா என்ற மேல. பின்னால வந்த ஆட்டோக்காரன் அதை எதிர்பாக்கலை, வந்து டமார்னு இடிச்சான். பின் பம்பரு போச்சு. இதுவா நல்ல பிரேக்கு? அந்தப் புள்ளையா? அதுக்கென்ன, ஒரு கீறல் இல்லை. ஸ்கூட்டிச் சக்கரத்துக்கும் என்ற முன் பம்பருக்கும் ஒரு சாண்தான் இருந்துச்சு. அது பாட்டுக்குப் போயிருச்சு, திரும்பிக்கூடப் பாக்கலை. என்ற பம்பருக்கு யாரு பதில் சொல்றது?

என்னுங்க, மொகம் வெளிறிப் போச்சு உங்களுக்கு? வளைவு ஒத்துக்காதா? இந்தாங்க எலுமிச்சம்பழம், மோந்துக்கோங்க. பேத்திக்குன்னு வாங்கினது. வெச்சுக்கோங்க, பரவாயில்லை. இவன் இப்படி முக்கி முக்கி எறக்கினா யாருக்குத்தான் கொமட்டாது.

நான் எறக்கற மாதிரி எறக்கோணுமுங்க. அது ஒரு வித்தை. உச்சில நியூட்ரல் போட்டு, சாவியை ஒரு திருகு மட்டும் திருப்போணும். முழுசாத் திருப்பினா ஸ்டியரிங் பூட்டிக்கும், அங்கதான் பல பேரு ஏமாந்து போறான். ஒரு திருகு. எஞ்சின் அடங்கிடும். அப்பறம் சத்தமே இருக்காது, காத்து மட்டுந்தான். பேத்திக்கு அது நெம்பப் புடிக்கும். ஜன்னல்ல மோவாயை வெச்சுக்கிட்டு, "தாத்தா, குருவி கத்தறது கேக்குது"ங்கும். ஒரு சொட்டு பெட்ரோல் கெடையாது. புது எஞ்சின் வேற தண்ணியாக் குடிக்குது, அதுக்கு எறக்கத்துலயும் ஊத்தறதுக்கு நான் என்ன பெட்ரோல் பங்க்கா வெச்சிருக்கேன்?

அன்னைக்குக் காரமடைல ஒரு கல்யாணம். எல்லாரும் ஒட்டுக்கா மேல இருந்து எறங்கறோம். நான் ஓட்டறேன். முன்னால மாப்பிள்ளை, பின்னால சாந்தாமணி, என்ற பொண்ணு மேனகா, அவ மடில பேத்தி. மாப்பிள்ளை ராத்திரி ஷிப்டு முடிச்சுட்டு நேரா வந்தவரு. ஏறி உக்காந்ததும் தூங்கிட்டாரு. பாவம், தூங்கட்டும்னு நான் கொஞ்ச தூரம் கியர்லயேதான் வந்தேன். அவரு நல்லாக் கொறட்டை உட்ட பொறகுதான் சாவியைத் திருப்பினேன். பாருங்க, மரியாதையைப் பாருங்க.

எஞ்சின் சத்தத்துல தூங்கின மனுசன், சத்தம் நின்னதும் முழிச்சுக்கிட்டாரு! முழிச்சதும் ஒரே கத்தல். "மாமா, சாவி! மாமா, சாவியைப் போடுங்க!" பொண்டாட்டி முன்னால, மாமியா முன்னால, மாமனாரைப் பாத்து அப்படியா கத்தறது? எனக்குச் சுருக்குன்னுச்சு. கத்தினா நான் போட்டுடுவனா? "எனக்குத் தெரியுமுங்க மாப்பிள்ளை, நீங்க தூங்குங்க"ன்னேன்.

அந்தப் பிரேக்கு அப்பத்தான் வேலையைக் காட்டுச்சு. மொத அமுக்குக்கு நல்லாத்தான் புடிச்சுது. அடுத்த வளைவுல அமுக்கினேன், ஏதோ புடிச்சுது. அதுக்கடுத்த வளைவுல அமுக்கறேன், பெடல் கல்லுங்க, கல்லு. ஏறி நின்னு மிதிச்சாலும் அசையலை. எதுக்க கேரட் மூட்டை ஏத்தின லாரி ஒண்ணு வளைவை அடைச்சுக்கிட்டு ஏறி வருது. அந்தப் பக்கம் பள்ளம். பாத்தேன். சட்டுனு வண்டியை மலைப் பக்கம் ஒதுக்கினேன். ஓடைக்குள்ள ஒரு சக்கரம் எறங்கி, பாறையை ஒரசிக்கிட்டே போயி நின்னுச்சு. அஞ்சு உசுரை அன்னைக்குக் காப்பாத்தினது யாரு? நான். யாராவது அதைச் சொல்றாங்களா?

மாப்பிள்ளை நடுவுல கையை உட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்தாரு, அது வேற. ஸ்டியரிங்கையும் வந்து புடிச்சாரு. ஓட்டறது ஒருத்தரு, ஸ்டியரிங்கைப் புடிக்கறது இன்னொருத்தரா? பாறைல இடிச்சப்ப ஸ்டியரிங் சுத்துச்சு, அவரு கை உள்ள மாட்டிக்கிச்சு, மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. நான் கையை வைக்கச் சொன்னேனா? என்ற கைக்கு ஒண்ணும் ஆகலையே. நான்தான் அப்ப ரெண்டு கைலயும் மொகத்தைப் பொத்தியிருந்தேனே.

பேத்திக்கு மோவாய்ல சின்னக் காயம். தையல் போட்டாங்க. சின்னதுதான். இப்பத் தழும்பு மட்டுந்தான் இருக்குது, சிரிச்சாத்தான் தெரியும்.

அன்னைல இருந்து எல்லாருமா என்னைக் குத்தவாளி ஆக்கிட்டாங்க. நான் கேக்கறேன், பழைய பிரேக்கு இருந்த வரைக்கும் எத்தனை வருசம் ஆஃப் பண்ணி எறங்கியிருக்கேன்? ஒரு நாள் பெடல் கல்லாச்சா? ஆகலை. அப்ப எது கோளாறு? புதுசா மாட்டினதுதான் கோளாறு. எஞ்சின் ஓடினாத்தான் புடிப்பேன்னு ஒரு பிரேக்கு சொன்னா அதெல்லாம் ஒரு பிரேக்கா? இதைச் சொன்னா சாந்தாமணி ஒரே வார்த்தைல, "மாப்பிள்ளையால பிரேக்கைத்தான் மாத்த முடிஞ்சுது. ஓட்டற ஆளை மாத்த முடியலை"ங்கறா. லொள்ளைப் பாருங்க. தூக்குப்போசியைக்கூட நேராப் புடிக்கத் தெரியாதவ.

மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லலைங்க. அதுதான் எனக்குத் தாங்கலை. கட்டுப் போட்ட கையோட வண்டியை ஷெட்டுக்கு இழுத்துக்கிட்டு வந்தாரு, தார்ப்பாயைப் போத்தினாரு, சாவியைக் கொண்டுபோய் சாமி ரூம்ல வெச்சாரு. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். ஒண்ணுமே சொல்லாத ஆளுகிட்ட என்னத்தைப் பேசறது? மேனகாதான், "அப்பா, இனிமே உங்க வண்டில கொழந்தையை அனுப்ப மாட்டேன்"னு ஒரே அடியாச் சொல்லிட்டா. செரி, வண்டி வேண்டாம். பேத்தியைக்கூட அனுப்பாம போயிருவாளோன்னுதான் எனக்கு இத்தனை நாளாத் தூக்கமில்லை. ஊட்டுல அதோட சின்னச் செருப்பு ஒரு ஜோடி கெடக்குது. அதைப் பாத்தாலே எனக்குச் சோறு எறங்காது.

அதனாலதான் இன்னைக்குப் பஸ்ல போனேன். நானு, பஸ்ல! போனா, "வாங்க மாமா"ன்னு சேரைத் தூக்கிப் போட்டாரு மாப்பிள்ளை. கட்டைப் பிரிச்சாச்சு, ஆனாலும் டம்ளரை எடது கைலதான் எடுக்கறாரு. பழக்கமாயிருச்சு போல. நான் மெல்ல விசயத்தை எடுத்தேன். மேனகா எந்திரிச்சு உள்ள போயிட்டா. மாப்பிள்ளைதான், "போயிட்டு வரட்டும். பஸ்லதான போறாங்க"ன்னாரு. அவருதான் சொன்னாரு, பொய் சொல்லக் கூடாது. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. மேனகாவும் துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டா. பேத்தி தண்ணி பாட்டிலைக் கழுத்துல மாட்டிக்கிட்டு எனக்கு முன்னால வாசலுக்கு வந்து நிக்குது.

பஸ் ஸ்டாண்டுக்கு மாப்பிள்ளையும் வந்தாரு, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு. பேத்தி என்ற வெரலைப் புடிச்சிருக்குது. பஸ்ஸுல ஏறித் துண்டைப் போட்டு எடம் புடிச்சுட்டு எறங்கி வந்தேன். வா கண்ணு, ஏறலாம்னேன். அது ஏறலை. பஸ்ஸை மேலயும் கீழயும் பாக்குது.

"தாத்தா, நீங்க ஓட்ட மாட்டீங்கதான?"

"நான் இல்லை அம்முணி, டிரைவர் ஓட்டுவாரு."

"அந்த டிரைவரு எறக்கத்துல ஆஃப் பண்ணுவாரா?"

மாப்பிள்ளை என்ற மொகத்தையே பாக்கறாரு. மாட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க மாமான்னு கண்ணாலயே கெஞ்சறாரு. எனக்கா தெரியலை? இந்தப் பஸ்காரன் ஆஃப் பண்ண மாட்டான்னு எனக்குத் தெரியாதா? மாட்டாரு கண்ணுன்னு சொன்னா முடிஞ்சுது. ஆனா அவரு முன்னால நின்னுக்கிட்டு அதை எப்படிங்க சொல்றது? அப்படிச் சொன்னா, அன்னைக்கு நான் பண்ணினது தப்புன்னு நானே என்ற வாயால சொன்ன மாதிரி ஆயிருமுல்ல?

"ஓட்டத் தெரிஞ்ச டிரைவரா இருந்தாப் பண்ணுவாரு கண்ணு"ன்னேன்.

அழுவலைங்க. அடம் புடிக்கலை. என்ற வெரலை உட்டுட்டு, போயி அவங்கப்பனுக்குப் பின்னால நின்னுக்கிச்சு. அவ்வளவுதான். நான் கூப்புட்டேன், தலையை நீட்டிக்கூடப் பாக்கலை. மாப்பிள்ளை அந்தப் பையைத் தோள்ல இருந்து எறக்கவே இல்லை. "அடுத்த லீவுக்குப் பாக்கலாம் மாமா"ன்னு சொல்லிட்டு கொழந்தையைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அந்த முறிஞ்ச கையாலயே பை வாரைப் புடிச்சுக்கிட்டுப் போறாரு.

கீழ போனா சாந்தாமணி வாசல்லயே நின்னுக்கிட்டு, கொழந்தை எங்கேன்னு கேப்பா.

ஆனா நீங்க சொல்லுங்க, படிச்சவராட்டத் தெரியுது. அந்த எடத்துல நான் வேற என்ன சொல்லியிருக்க முடியும்? கொழந்தைகிட்டப் போயி வாய்க்கு வந்ததைச் சொல்லச் சொல்றீங்களா?

ஏனுங்க தம்பி, அந்த எலுமிச்சம்பழத்தை எதுக்குத் திருப்பித் தர்றீங்க?